பாதி கேட்ட 'போதும்'

திருவண்ணாமலை
5 அக்டோபர் 2025, ஞாயிறு

தருமா,

பொருள்: ஒரு ரன்னில் தோற்றது தொடர்பாக.
பார்வை: 7.9.2025 அன்று நீ பேட்டை என் கிட் பேக் மேல் வீசிவிட்டுப் போனது.

வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் பதினைந்து வருடமாக ஊரார் மனுவுக்கெல்லாம் பதில் டைப் அடிக்கிறவன் சொந்தமாகக் கடிதம் எழுத உட்கார்ந்தால் இப்படித்தான் வருகிறது. சிரிக்காதே. சிரித்தாலும் சந்தோஷம்தான்.

உன் நம்பரை அழுத்தினால் ஒரு மணி அடித்ததும் அறுந்துவிடுகிறது. வாட்ஸாப்பில் உன் முகம் இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு பொம்மைத் தலை இருக்கிறது. குரூப்பில் 'தருமன் வெளியேறினார்' என்று ஒரு வரி வந்தது, அவ்வளவுதான். உன் வீட்டுக்குப் போய் வினோதினியிடம் கேட்டேன். வாசலிலேயே நிறுத்திப் புருஷன் விலாசத்தைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தாள். எப்போதும் "அண்ணா, காபி குடிச்சிட்டுப் போங்க" என்பவள், அன்றைக்கு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

புனேவுக்கு மாற்றல் தருகிறோம் என்று உன் கம்பெனிக்காரர்கள் இரண்டு வருடமாகக் கேட்டார்கள். "டீம விட்டுட்டு எப்டிடா போறது?" என்று நீதான் தட்டிக்கழித்தாய். தோற்ற பதினோராவது நாள் பெட்டியைக் கட்டிவிட்டாய். ஒரு மேட்ச்தானே? உலகக் கோப்பையா போய்விட்டது?

அப்படிச் சொல்கிறேனே தவிர, எனக்கும் இன்னும் ஆறவில்லை. பன்னிரண்டு வருடம் மூன்றாம் டிவிஷனிலேயே கிடந்தோம், இதை ஜெயித்திருந்தால் இரண்டாவதுக்கு ஏறியிருப்போம். கீழ்பென்னாத்தூர்க்காரர்கள் எடுத்தது நூற்று நாற்பத்தொன்று. நமக்கு ஒன்பது விக்கெட் போய், நாலு பந்தில் மூன்று ரன் வேண்டும். நீ ஐம்பத்து நாலில் நிற்கிறாய். பதினோராவது ஆளாக வந்த நான் ஃபைன் லெக் பக்கம் தட்டிவிட்டு ஒன்று ஓடினேன். இன்னும் இரண்டு வேண்டும், மூன்று பந்து இருக்கிறது, நீ பேட்டிங் முனைக்கு வந்துவிட்டாய். அதனால் "போதும்" என்றேன். நீ இரண்டாவது ரன்னுக்கு ஏன் ஓடி வந்தாய்? பாதி பிட்ச்சில் நின்று என் முகத்தைப் பார்த்தாயே, அதற்குள் கீப்பர் ஸ்டம்பைத் தட்டிவிட்டான்.

கோபத்தில் நான் கத்தியது தப்புதான். "செவிட்டு முண்டமே, காதுல இன்னாடா வச்சிருக்க?" என்று அத்தனை பேர் முன்னால் கேட்டிருக்கக் கூடாது. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் நான் "போதும்" என்றது உண்மை.

இன்று காலை ஆறரைக்கு மைதானத்துக்குப் போனேன். ஸ்டோர் ரூமிலிருந்து பிட்ச்சில் விரிக்கிற மேட்டை இழுத்து வந்து, விரித்து, ஆணி அடித்து, எட்டு வரை உட்கார்ந்திருந்தேன். ஒருத்தரும் வரவில்லை. திரும்பவும் சுருட்டினேன். இருபது மீட்டர் கயிற்றுப் பாயை ஒற்றை ஆளாகச் சுருட்டினால் ஒரு பக்கம் நரி வால் மாதிரி நீட்டிக்கொண்டு வருகிறது. உள்ளே தள்ளிக் கதவைச் சாத்த அரை மணி ஆகிவிட்டது.

பதில் எழுது.

இளவரசன்


புனே
14 அக்டோபர் 2025

கேப்டன் இளவரசன் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. எனக்கு இங்கே உடம்பு நன்றாக இருக்கிறது. டிராக்டர் பாகங்கள் வைக்கிற கிடங்கில் சூப்பர்வைசர் வேலை. ரூமில் உடன் இருப்பவர் பீகார்க்காரர். நல்ல மனிதர். நாங்கள் இரண்டு பேரும் கையாலும் கண்ணாலும் பேசிக்கொள்கிறோம்.

போன் செய்ய வேண்டாம். செய்தாலும் எடுக்க மாட்டேன். கோபத்தில் சொல்வதாக நினைத்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. எழுத வேண்டுமானால் எழுதுங்கள்.

டீமைப் பற்றி எனக்கு எதுவும் சொல்ல வேண்டாம். ஒரே ஒரு விஷயம் மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். நான் கேட்டது "போ". அதற்குப் பின்னால் எதுவும் கேட்கவில்லை. அன்று பௌர்ணமி, கிரகணம் வேறு. கூட்டம் பகலிலேயே கிரிவலம் கிளம்பிவிட்டது. காணாமல் போனவர்களை மைக்கில் விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அதெல்லாம் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் முழுசாக, சத்தமாக "போதும்" என்றுதான் சொன்னீர்களா? அம்பயர், பௌலர், வேறு யாராவது அதைக் கேட்டார்களா? சண்டை பிடிக்கக் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

இதற்கு மட்டும் பதில் எழுதினால் போதும்.

இப்படிக்கு,
தருமன்


திருவண்ணாமலை
26 அக்டோபர் 2025, ஞாயிறு

டேய் தருமா,

'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவை. ஒன்பதாம் வகுப்பில் என் சைக்கிள் டயரில் காற்றைப் பிடுங்கிவிட்டு எனக்கே பம்பு கொண்டுவந்து கொடுத்தவன் நீ. உனக்கு நான் 'நீங்களா'?

தீபாவளி வந்து போனது. போன வருடம் உன் வீட்டில்தான் சாப்பிட்டேன். இந்த வருடம் தேரடி வீதியில் ஒரு மெஸ் திறந்திருந்தது, லாட்ஜில் தங்கியிருந்த வெளியூர்க்காரர்களோடு உட்கார்ந்து தின்றேன். பரிமாறியவர், "சாருக்கு எந்த ஊருங்க?" என்று கேட்டார். இதே ஊர் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. விழுப்புரம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கல்யாணம் ஆகாதவனுக்கு வாரத்தில் ஆறு நாளும் ஒரே நாள்தான், தருமா. ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் எனக்கு மனிதர்களைக் காட்டும். இப்போது அதுவும் கம்மியாகிவிட்டது. போன வாரம் நாலு பேர் வந்தார்கள், இந்த வாரம் மூன்று. நம் ஓப்பனிங் பேட்ஸ்மேன் சுரேஷ்குமார் நேரடியாகவே கேட்டான்: "தருமண்ணன் இல்லாம டீம் இன்னாத்துக்குண்ணே?" ஜனவரி கடைசிக்குள் பதினோரு கையெழுத்தோடு பதிவைப் புதுப்பிக்க வேண்டும். நீ கையெழுத்துப் போட்டால் மற்றவர்கள் தானாக வருவார்கள். ஃபாரத்தைத் தபாலில் அனுப்பட்டுமா?

நீ கேட்டதற்கு: அம்பயர் ராஜேந்திரன் சாரைப் பார்த்தேன். தனக்கு நினைவில்லை என்றார். நான் "போதும்" என்றுதான் சொன்னேன் என்று முன்பே எழுதிவிட்டேனே, அதையே எதற்குத் திரும்பக் கேட்கிறாய்? மேட்ச் போனது போனதுதான். அதைக் கிளறி உனக்கு என்ன வரப்போகிறது?

மேட் இன்னும் கோணலாகத்தான் வருகிறது.

இளவரசன்


புனே
6 நவம்பர் 2025

இளவரசா,

எனக்கு என்ன வரப்போகிறது என்று கேட்டாய். சொல்கிறேன். வினோதினியைத் தவிர யாருக்கும் தெரியாது. அவளுக்கும் பாதிதான் தெரியும்.

என் இடது காது போய்விட்டது. போன வருடம் மாசியில் அம்மைக்கட்டு வந்து படுத்தேனே, அதற்குப் பிறகு. முதலில் சளி என்று நினைத்தேன். அப்புறம் ஒரு நாள் தலையணையில் வலது பக்கமாகப் படுத்தபோது ஃபேன் சத்தம் நின்றுபோனது. எழுந்து பார்த்தால் ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கிறது. வேலூரில் காட்டினேன். நரம்பு, இனி வராது என்றார் டாக்டர். நான் கீப்பர், பந்தைப் பார்க்கக் கண்தான் முக்கியம், ஒரு காது போதும் என்று நானே எனக்குத் தைரியம் சொல்லிக்கொண்டு ஒன்றரை வருடம் ஆடினேன். ஸ்லிப்பில் நிற்பவர்கள் ஏதாவது சொன்னால் சிரித்துவைப்பேன். நீகூடக் கண்டுபிடிக்கவில்லை.

நீ "செவிட்டு முண்டமே" என்று கத்தியபோது, இவனுக்கு எப்படித் தெரிந்தது என்றுதான் முதலில் நினைத்தேன். தெரியாமல் சொன்னாய் என்று பிறகு புரிந்தது. ஆனால் அன்று சாயங்காலமே குரூப்பில் காது ஸ்டிக்கர் போட ஆரம்பித்தார்கள். யானைக் காது, பஞ்சு வைத்த காது. நீயும் அதற்குச் சிரிக்கிற முகம் போட்டாய். மொத்தம் பதினாலு ஸ்டிக்கர் வந்தன.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அன்று நான் ஒரு ரன் ஓடி முடித்துத் திரும்பும்போது நீ என் வலது பக்கம் இருந்தாய். நல்ல காதுப் பக்கம். நான் பல தடவை இந்த அறையைப் பிட்ச்சாக வைத்துக்கொண்டு திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டேன், வலதுதான். நீ முழுசாகக் கத்தி எனக்குப் பாதிதான் விழுந்தது என்றால், வலது காதும் போக ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். இங்கே ஒரு டாக்டர் அறைக்குள் உட்காரவைத்து மெஷினில் பார்த்தார், சரியாக இருக்கிறது என்கிறார். மூடிய அறையில் சரியாக இருந்து எனக்கென்ன? கிடங்கில் பின்னால் வருகிற வண்டி சத்தம் கேட்க வேண்டும். இரண்டு மாதமாகச் சுவரை ஒட்டியே நடக்கிறேன். வலது காதில் கடிகாரத்தை வைத்து வைத்துப் பார்க்கிறேன். ஒரு நாள் கேட்பது மறுநாள் குறைந்த மாதிரி இருக்கிறது. இந்த ஊரில் எனக்கு ஒரே வசதி, காது கேட்டாலும் பேச்சு புரியாது.

போன் எடுக்காததற்கும் இதுதான் காரணம். பாதி கோபம், பாதி பயம். போனில் ஏதாவது விழாமல் போனால் அதுவும் காதுதானோ என்று தோன்றும். எழுத்தில் அந்தத் தொல்லை இல்லை.

அதனால்தான் கேட்கிறேன். முழுசாகச் சொன்னாயா?

தருமன்

மேட் கோணலாக வருவது நீ ஒரே ஓரத்தில் குனிந்து உருட்டுவதால். ஐந்து சுற்றுக்கு ஒரு தடவை மறு ஓரத்துக்குப் போய் முழங்காலால் தட்டு. நீ ஆறரைக்கு வரும் முன்னால் பல ஞாயிறு நான் தனியாகத்தான் விரித்திருக்கிறேன்.


திருவண்ணாமலை
12 நவம்பர் 2025

தருமா,

உன் வலது காதுக்கு ஒன்றும் இல்லை. நீ கேட்டது சரி. நான் "போ" என்றுதான் சொன்னேன்.

இந்த இரண்டு வரியை நீ உடனே படிக்க வேண்டும் என்று ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புகிறேன். மற்றதைப் பொறுமை இருந்தால் படி.

ஒரு ரன் ஓடி முடித்து நான் திரும்பினேன். ஊர்ச் சனம் முழுக்க உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. நீ பேட்டிங் முனையில் நிற்கிறாய், அடுத்த பந்தில் நீ அடிப்பாய், ஜெயிப்போம், உன்னைத் தோளில் தூக்குவார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. இரண்டாவது ரன் ஓடினால் நான் அந்த முனைக்கு வந்துவிடுவேன். ஜெயிக்கிற ரன் என் பேட்டிலிருந்து போகும். பன்னிரண்டு வருடம் கேப்டன், பதினோராவது ஆளாகவே இறங்குகிறவன், ஒரே ஒரு தடவை ஜெயிக்கிற ரன்னை அடித்தால் என்ன என்று தோன்றியது. அந்த நினைப்பில்தான் "போ" என்று கத்தினேன். வயிற்றிலிருந்து கத்தினேன்.

அப்புறம்தான் ஃபீல்டர் பந்தைக் கையில் எடுத்துவிட்டதைப் பார்த்தேன். நீ நாலு எட்டு வைத்துவிட்டாய். "தும்" என்று சேர்த்தேன். கத்தவில்லை. வாய்க்குள்ளேயே முனகினேன். மைக்கில் யாரையோ, எங்கிருந்தாலும் உடனே வரவும் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த "தும்" எனக்கே கேட்கவில்லை.

எல்லாரும் என்னைப் பார்த்தபோது "போதும்னுதானே சொன்னேன்" என்றேன். ஒரு முறை சொன்ன பிறகு அது வசதியாகப் போய்விட்டது. முழுச் சொல்லும் என் வாயிலிருந்துதானே வந்தது, பொய் இல்லையே என்று இரண்டு மாதமாக எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். உன் முதல் கடிதம் வந்தபோதும் தெரியும், எழுதவில்லை. கேப்டன் வேலை போய்விடும் என்று பயந்தேன். அது போனால் நான் யார்? டைப்பிஸ்ட். அவ்வளவுதான்.

நீ சுவரை ஒட்டி நடப்பதை நினைத்தால் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது. நடுவில் நட. உனக்குக் கேட்கிறது.

இளவரசன்


புனே
21 நவம்பர் 2025

இளவரசா,

உன் கடிதம் வந்த அன்று கிடங்கில் நடுவில் நடந்தேன். பின்னால் வண்டி வந்தது, கேட்டது, ஒதுங்கினேன். ரொம்ப நாளைக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

அதற்கு மறுநாளிலிருந்து கோபம். நேற்றைவிட இன்று ஜாஸ்தி. உன் கௌரவத்துக்காக நான் இரண்டு மாதம் கடிகாரத்தைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உனக்குத் தெரியாது என்பாய். காது விஷயம் தெரியாதுதான். உன் வாய் சொன்னது உனக்குத் தெரியும் அல்லவா?

செவிடன் என்று என்னை எல்லார் முன்னாலும் சொன்னாய். உண்மையை எனக்கு மட்டும் உறையில் வைத்து ஒட்டி அனுப்புகிறாய்.

இதற்கு மேல் எழுதாதே. போதும். முழுசாகத்தான் எழுதியிருக்கிறேன், பாதியாகப் படித்துவிடாதே.

தருமன்


திருவண்ணாமலை
7 டிசம்பர் 2025, ஞாயிறு

தருமா,

எழுதாதே என்றாய். இது ஒன்றுக்கு மட்டும் பொறுத்துக்கொள். பதில் வேண்டாம்.

தீபத்துக்கு வந்த கூட்டம் இன்னும் முழுசாகக் கலையவில்லை. மலை மேல் தீபம் எரிந்துகொண்டிருக்கிறது. இன்று எல்லாரையும் கட்டாயம் வரச் சொல்லி குரூப்பில் போட்டிருந்தேன். ஒன்பது பேர் வந்தார்கள். மேட்டை விரித்து, அதன் மேலேயே நிற்கவைத்து, நடந்ததைச் சொன்னேன். "போ" சொன்னது, எதற்காகச் சொன்னேன் என்பது, "தும்" முனகியது, எல்லாம். உன் காது விஷயத்தைச் சொல்லவில்லை. அது உன்னுடையது.

ஒருத்தரும் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன், பழக்கம்தானே. சுரேஷ்குமார்தான் கடைசியில் வாயைத் திறந்தான். "அப்போ நாங்க எல்லாரும் அந்த மன்சனுக்கு ஸ்டிக்கர் போட்டுச் சிரிச்சிக்கினு இருந்தோமா?" என்று கேட்டான். பிறகு, "இனிமே நீங்க கேப்டனா இருக்க வேணாம்ணே" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். டாஸ் போடுகிற ஐந்து ரூபாயையும் ஸ்கோர் புத்தகத்தையும் அவன் கையில் கொடுத்தேன். அந்தக் காசு என் சட்டைப் பையில் இருந்த இடம் இப்போது தட்டையாக இருக்கிறது, கை அடிக்கடி அங்கே போகிறது.

பிறகு பிராக்டிஸ் ஆடினோம். சுரேஷ் என்னை ஃபைன் லெக்கில் நிற்கச் சொன்னான். நம் மைதானத்தில் ஃபைன் லெக் எவ்வளவு தூரம் என்று எனக்கு இன்றுதான் தெரிந்தது. அங்கே நின்றால் பிட்ச்சில் பேசுவது ஒன்றும் கேட்காது. ஒரு தடவை எல்லாரும் சேர்ந்து சிரித்தார்கள். எதற்கு என்று தெரியவில்லை. நானும் சிரித்துவைத்தேன். சிரித்த பிறகு நீ எழுதியது நினைவுக்கு வந்தது. ஒன்றரை வருடம் நீ இப்படித்தான் நின்றாயா?

எல்லாரும் போன பிறகு மேட்டை நானே சுருட்டுகிறேன் என்றேன். ஐந்து சுற்றுக்கு ஒரு தடவை மறு ஓரத்துக்குப் போய்த் தட்டினேன். நேராக வந்தது. பாராட்ட ஆள் இல்லை, அதனால் உனக்கு எழுதுகிறேன்.

பதிவு ஃபாரத்தில் கேப்டன் கட்டத்தில் சுரேஷ்குமார் பெயர் எழுதியாகிவிட்டது. கீப்பர் கட்டத்தை அவன் காலியாக விட்டிருக்கிறான். நான் சொல்லி விடவில்லை.

இளவரசன்


புனே
18 டிசம்பர் 2025

டேய் இளவரசா,

கேப்டன் என்று போட முடியாது, வேறு ஆள் வந்துவிட்டான். பழையபடி டேய்தான்.

சுரேஷ் போன் செய்தான். எடுத்தேன். வலது காதில் வைத்துக்கொண்டேன், ஒரு எழுத்து விடாமல் கேட்டது. மன்னிப்புக் கேட்டான். மற்றவர்களும் வரிசையாகப் பேசினார்கள். என் காது விஷயத்தை நானே அவர்களிடம் சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. வலது காதும் போய்விட்டதோ என்று ஒரு கணம் பயந்தே போனேன். அவர்கள்தான் பேசாமல் இருந்திருக்கிறார்கள்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத உட்கார்ந்தேன். எழுதி, அடித்து, மறுபடியும் எழுதி, அடித்துவிட்டேன். இன்னும் வரவில்லை. வரும்போது எழுதுகிறேன். ஆனால் நீ ஃபைன் லெக்கில் நின்று சிரித்துவைத்தாய் என்று படித்தபோது, இந்த ஊருக்கு வந்த பிறகு முதல் தடவையாக, என் பக்கத்தில் யாரோ வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

பொங்கலுக்கு ஐந்து நாள் லீவு கொடுத்திருக்கிறார்கள். காட்பாடி வரை ரயில், அங்கிருந்து பஸ். போகி அன்று காலை ஒன்பது மணிக்குள் வந்துவிடுவேன். ஃபாரத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வா. ஆட்டோ பிடிக்க வேண்டாம், இளவரசன் வருவான் என்று வினோதினியிடம் சொல்லிவிட்டேன்.

கூட்டத்தில் தூரத்திலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடாதே. ஒற்றைக் காதுக்காரனுக்குச் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியாது, எதிர்ப் பக்கம் திரும்பி நிற்பேன். நேராக நடந்து வந்து என் வலது பக்கம் நில். அங்கே நின்று நீ மெதுவாகச் சொன்னாலே போதும்.

தருமன்